கேரவன் கூரை ஏசி: உள்ளே 31 டிகிரி, ஆனால் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். டிராவலர் வண்டி ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். கூரையில் 13,500 பி.டி.யு. ஏசி, அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். சீலிங் ஒட்டுப்பலகைக்கு மேலே காற்று போகிற டக்ட் ஓடுகிறது; முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று காற்று வாய்கள். கத்திரி ஆரம்பித்ததில் இருந்து பிரச்சினை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் மத்தியானம் உள்ளே 31 டிகிரி. 24 வைத்தாலும் அதுதான். 20 வைத்தால் ஒன்றிரண்டு குறைகிறது, அவ்வளவே.

எனக்குப் புரியாதது இதுதான்: 24 வைத்தால் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. நமக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அது பாட்டுக்கு வேலை முடிந்ததென்று ஓய்வெடுக்கிறது.

வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் குறைவு, பைப்பில் வால்வு வைத்து ஏற்ற வேண்டும் என்கிறார். வண்டியைக் கட்டிக் கொடுத்தவர்களோ 1.5 டன் போட்டிருக்கலாம் என்கிறார்கள் (இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்). யார் சொல்வதைக் கேட்பது?

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

பெரிய ஏசி போடுங்கள் நண்பரே. நம் ஊர் வெயிலுக்கு ஒரு டன் எல்லாம் எந்த மூலைக்கு? வண்டி முழுக்க ஜன்னல், மேலே தகரம். கணக்கே வேண்டாம், பெரிசாகப் போட்டால் தீர்ந்தது.

காயில்தாத்தா (புதுச்சேரி)

பொறுங்கள். யாரும் எதையும் வாங்க வேண்டாம், எதையும் ஏற்றவும் வேண்டாம்.

கேஸ் குறைந்த மிஷின் அறையைக் குளிர்விக்க முடியாமல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கெடிலக்கரை சொல்வது அதற்கு நேர் எதிர். சூடு குறையாமலே கம்ப்ரசர் நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட் குளிர்ந்த காற்றைப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்தக் குளிர்ந்த காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

தம்பி, ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஒயர் நுனியில் சென்சார் இருக்கிற மாதிரி. ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போதே நான்கு இடத்தில் அளந்து போடுங்கள். ஒன்று, நீங்கள் உட்காரும் இடத்தில். இரண்டு, ஏசி காற்றை உறிஞ்சுகிற ரிட்டர்ன் கிரில்லில் ஃபில்டருக்கு உள் பக்கம், குளிர்விக்கிற காயிலுக்கு முன்னால். மூன்று, ஏசிக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று வாய். நான்கு, கடைசியில் பின் கட்டிலுக்கு மேலே இருக்கிற வாய். அது தெரிந்தால் பேசலாம்.

ஈசிஆர்அக்கா (புதுச்சேரி)

ஐயா அளவெடுக்கச் சொல்கிறார், அது சரி. அதற்குள் ஒரு கேள்வி: முன் கண்ணாடிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரை இருக்கிறதா, இல்லை முழு வண்டியும் ஒரே அறையா?

கெடிலக்கரை (கடலூர்)

அக்கா, முன் கண்ணாடிக்கு உள்ளே கடையில் கிடைக்கிற வெள்ளி நிற மடிப்பு அட்டை. திரை கிடையாது.

அளந்துவிட்டேன் ஐயா. மத்தியானம் ஒன்றரை மணி, வெளியே நிழலில் 37.

உட்காரும் இடம் 31
ஃபில்டருக்கு உள்ளே 24.5
பக்கத்து வாய் 14
பின் கட்டில் வாய் 20

அளந்து முடித்த கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் நின்றுவிட்டது.

காயில்தாத்தா (புதுச்சேரி)

உங்கள் மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. 24.5ல் உள்ளே போன காற்று 14ல் வெளியே வருகிறது. பத்து டிகிரிக்கு மேல் இறக்குகிறது. நம் கடலோர ஈரத்தில் இது நல்ல அளவு. கேஸ் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது முதல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிக்குள் 31, ஆனால் ஃபில்டருக்குப் பின்னால் 24.5. வண்டிக்குள் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சுகிறது என்றால் அங்கேயும் 31 இருக்க வேண்டும். இடையில் ஆறரை டிகிரி எப்படிக் குறைந்தது? காயிலைத் தாண்டி வந்த குளிர்காற்றே சீலிங்குக்கு உள்ளேயே திரும்பி ரிட்டர்னில் கலக்கிறது. நீங்கள் கரண்டுக்குக் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை மிஷினே குடித்துக்கொள்கிறது. சென்சார் அந்தக் கலப்புக் காற்றில் உட்கார்ந்திருக்கிறது, 24 ஆகிவிட்டது என்று நிறுத்துகிறது.

இது கூரை ஏசிகளின் பழைய வியாதி. மிஷின் உட்காரும் 14 அங்குலச் சதுர ஓட்டை ஒன்றுதான். அதே ஓட்டை வழியாகத்தான் சூடான காற்று மேலே போக வேண்டும், குளிர்ந்த காற்று கீழே வர வேண்டும். நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். தெர்மாகோலோ மெல்லிய தகடோ, சிலதில் வெறும் அட்டை. கூரையின் கனம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கம்பெனித் தடுப்பு சரியாகப் பொருந்தாது, மாட்டுகிறவர்தான் வெட்டிப் பொருத்தி ஓரங்களை அடைக்க வேண்டும். யார் அடைக்கிறார்கள்? மூடியைப் போட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று வண்டிக்காரருக்குத் தெரியப் போவதில்லை.

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

அடேங்கப்பா. 1.5 டன் போட்டிருந்தால் அதுவும் இதே மாதிரி தன் காற்றைத் தானே குடித்திருக்குமே!

காயில்தாத்தா (புதுச்சேரி)

அதைவிட மோசமாக. பெரிய ஃபேன், அதிக அழுத்தம், கசிவும் அதிகம். சீக்கிரமே நின்றுவிடும், ஈரமும் போகாது. பிசுபிசுப்போடு உட்கார்ந்திருப்பீர்கள்.

வட்டம்24 (நெய்வேலி)

நாலாவது எண்ணையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வாயில் 14, பின்னால் 20. டக்ட்டில் போகிற வழியிலேயே ஆறு டிகிரி தொலைகிறது. கூரைத் தகட்டுக்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவில் அந்த டக்ட் வெயிலில் வேகிறது. டக்ட் என்ன பொருள்? மேலே ஏதாவது சுற்றியிருக்கிறதா?

ஒரு கணக்கு: 12,000 பி.டி.யு. ஒரு டன், அது சுமார் 3.5 கிலோவாட். உங்களுடையது 4 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியில் எழுதியிருக்கும் அந்த எண் வெளியே 35, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் அளந்தது. வெயிலில் காய்கிற கூரை மேல் கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளுகிற காயில்) இழுக்கிற காற்று நிழலில் இருக்கிற 37 இல்லை, அதைவிடச் சூடு. ஆக, மத்தியானத்தில் கையில் இருப்பது 4க்கும் குறைவு. அதில் எவ்வளவு சீலிங்குக்குள்ளேயே வீணாகிறது என்பதுதான் இந்த இழை.

கெடிலக்கரை (கடலூர்)

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே. நடுத்தடுப்பு ஒரு தெர்மாகோல் துண்டு, மேல் ஓரத்தில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. பக்கவாட்டில் ஒட்டியிருந்த காக்கி டேப் உரிந்து தொங்குகிறது. டக்ட் தொடங்குகிற இடத்தில் ஒட்டுப்பலகையின் வெட்டிய வெறும் விளிம்பு தெரிகிறது. அங்கிருந்து காற்று சீலிங்கின் பொந்துக்குள் போகிறது, வாய்க்குப் போகவில்லை. கையை வைத்தால் ஜில்லென்று அடிக்கிறது. டக்ட் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய நுரைப் பலகை, மேலே எதுவும் சுற்றவில்லை.

எதை வைத்து அடைப்பது? வீட்டில் சிலிக்கான் இருக்கிறது, எம்-சீல் இருக்கிறது.

காயில்தாத்தா (புதுச்சேரி)

எம்-சீல் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளியே பிளக்கைப் பிடுங்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. கெபாசிட்டர் பக்கம் கை போக வேண்டாம். கரண்டு போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

தடுப்புக்குத் தெர்மாகோல் வேண்டாம். டக்ட்டுக்குப் போடுகிற அலுமினியத்தாள் முகப்புள்ள கெட்டி நுரைப் பலகை ஒரு துண்டு போதும். ஓட்டையின் உயரத்தை நான்கு மூலையிலும் தனித்தனியாக அளந்து வெட்டுங்கள், கூரை எங்கேயும் சமமாக இருக்காது. கொஞ்சம் இறுக்கமாக நுழைய வேண்டும். ஓரமெல்லாம் அலுமினியம் ஃபாயில் டேப். ஏசி பைப் சுற்றுகிறவர்கள் வைத்திருப்பது. பின்னால் இருக்கிற காகிதத்தை உரித்து ஒட்டும் வகை. துணி டேப், காக்கி டேப் இரண்டும் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

ஒட்டும் முன் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். தூசி மேல் ஒட்டினால் டேப் தூசியோடு சேர்ந்து வந்துவிடும். ஒட்டுப்பலகையின் வெட்டிய வெறும் விளிம்பில் ஃபாயில் டேப் நேராகப் பிடிக்காது, முதலில் ஃபெவிகால் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். டேப்பை விரலால் தேய்க்காமல் பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால் தேய்த்தால் மடிப்பில்லாமல் உட்காரும். விரலில் ஃபாயில் வெட்டினால் ரொம்ப வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டக்ட் தொடங்கும் இடத்தில் காற்று நேராகச் சுவரில் போய் மோதுகிற மாதிரி இருந்தால், நுரைப் பலகையில் சாய்வாக ஒரு துண்டு வைத்து டக்ட் பக்கம் திருப்பி விடுங்கள். சத்தமும் குறையும்.

கழற்றியதே கழற்றினீர்கள், கூரைக்கும் மிஷினுக்கும் நடுவில் இருக்கிற நுரை கேஸ்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு போல்ட்டும் ஒரே மாதிரி இறுகி, கேஸ்கெட் பாதிக் கனத்துக்கு அமுங்கியிருக்க வேண்டும். ஒரு மூலை தளர்ந்திருந்தால் இப்போது சூடு வரும், ஐப்பசியில் தண்ணீர் வரும். அதற்காக வெறி பிடித்து இறுக்கவும் கூடாது, முழுக்க நசுங்கினால் அப்புறம் அது கேஸ்கெட்டே இல்லை.

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

படகு எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன் நான், உப்புக்கும் எனக்கும் தினமும் சண்டை. மேலே ஏறி மூடியைத் திறந்து கண்டென்சர் ஃபின்னை, அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளை, பார்த்தீர்களா? தேவனாம்பட்டினத்தில் நிறுத்துகிற வண்டி என்றால் காற்றோடு உப்பும் மணல் தூசியும் சேர்ந்து அடை மாதிரி பிடித்திருக்கும். சாம்பல் பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர், சாதாரண ஹோஸ், மெதுவான தாரை. உள் பக்கத்திலிருந்து வெளிப் பக்கம் அடித்தால் அழுக்கு வந்த வழியே போகும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் பக்கமே போகாதீர்கள், ஃபின் எல்லாம் படுத்துவிடும், அப்புறம் காற்றே போகாது. ஆசிட் கலந்த கிளீனர், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். மோட்டார் மேலும் ஒயர் பெட்டி மேலும் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்தில் அதைக் கொண்டு கழுவுவதற்குச் சும்மா இருக்கலாம்.

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் ஒருவர் ஏசி மேல் ஈரக் கோணிச் சாக்குப் போட்டு ஓட்டுகிறார். நன்றாகக் குளிர்கிறது என்கிறார்.

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

சாக்கு காற்றை அடைக்கும். அடைத்தால் கண்டென்சர் சூடு, கம்ப்ரசர் ஓவர்லோடில் கட் ஆகும். நாசம்.

வட்டம்24 (நெய்வேலி)

தத்துவம் தப்பில்லை. ஈரத்தைத் தாண்டி வரும் காற்று குளிரும், கண்டென்சருக்கு அது நல்லது. ஆனால் அது வேலை செய்ய வறண்ட காற்று வேண்டும். பண்ருட்டியில் மேல்காற்று அடிக்கிற மத்தியானம் அவருக்குப் பலன் தெரிந்திருக்கலாம். கடலூரில் கடல்காற்று உள்ளே வந்த பிறகு காற்றே ஈரம், சாக்கில் இருந்து எவ்வளவு ஆவியாகப் போகிறது? கிடைக்கிற லாபத்தை அடைப்பு சாப்பிட்டுவிடும். கூடவே தண்ணீரில் இருக்கிற உப்பு ஃபின்னில் தங்கும்.

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

சரி, சாக்கை எடுத்துவிடச் சொல்கிறேன். பலாப்பழம் மூடப் பயன்படும்.

கெடிலக்கரை (கடலூர்)

மேலே ஏறிப் பார்த்தேன். ஃபின் அழுக்கு, கழுவிவிட்டேன், அரிப்பு இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சோலார் பேனல் ஏசிக்குப் பின்னாலேயே, ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது. சூடான காற்று வெளியே வருகிற பக்கமும் அதுதான்.

காயில்தாத்தா (புதுச்சேரி)

நகர்த்துங்கள். வெளியே தள்ளுகிற சூடு பேனலில் மோதித் திரும்பிப் பக்கவாட்டு வழியாக மறுபடி உள்ளே போகும். கீழே குளிர்காற்று செய்ததை மேலே சூட்டுக்காற்று செய்கிறது. வெளியேறும் பக்கம் குறைந்தது இரண்டு அடியாவது காலியாக இருக்கட்டும். பேனலை நகர்த்த இடமில்லை என்றால், ஏசி பக்கத்து முனையைத் தாழ்த்தி, காற்று மேலே வழுக்கிப் போகிற மாதிரி சாய்த்து வையுங்கள். பேனலும் சூட்டில் குறைவாகத்தான் கரண்டு கொடுக்கும், அதற்கும் இது நல்லதில்லை.

ஈசிஆர்அக்கா (புதுச்சேரி)

இப்போதாவது என் கேள்விக்கு வரலாமா? எல்லோரும் கூரையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் வண்டியில் பெரிய வித்தியாசம் கொடுத்தது திரைதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கூரையிலிருந்து தரை வரை, இரண்டு அடுக்குத் துணி, நடுவில் மெல்லிய நுரைத் தாள். பக்கவாட்டில் வெல்க்ரோ. நிறுத்தியதும் இழுத்து ஒட்டிவிடுவேன். முன்பகுதி அடுப்பு மாதிரி கொதித்தாலும் பரவாயில்லை, அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. அந்த இடத்தையும் சேர்த்துக் குளிர்விக்க ஏசியிடம் கேட்பானேன்?

கண்ணாடிக்கு உள்ளே வைக்கிற அட்டை பாதிதான் உதவும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு அந்தச் சூடு உள்ளேயேதான் சுற்றும். நான் வெளியே தார்பாய்த் துணி கட்டுகிறேன். வைப்பர் கம்பியில் கொக்கி, இரண்டு கதவிலும் நுனியைச் செருகி மூடினால் பறக்காது.

இன்னொன்று. உள்ளே சமைக்கிறீர்களா? இண்டக்‌ஷன் அடுப்பை மத்தியானம் வண்டிக்குள் வைத்தால் ஏசியின் பாதி பலம் சாம்பாருக்குப் போகும். நான் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே மேசை போட்டுச் சமைக்கிறேன்.

வட்டம்24 (நெய்வேலி)

அக்கா சொல்வதற்கு எண் போடுகிறேன். முன் கண்ணாடி ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெயில் முகத்தில் அடிக்கும்போது அதன் வழியாக முக்கால் கிலோவாட் அளவுக்குச் சூடு உள்ளே வரும். நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிட்டத்தட்ட 400 வாட். கையில் இருக்கிற 4 கிலோவாட்டில் இவை சின்ன எண்கள் இல்லை.

நிறுத்தும் திசையும் முக்கியம். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நமக்கு நேர் தலைக்கு மேலே வரும். அதற்கப்புறம் ஆகஸ்ட் 20 வாக்கு வரை நடுப்பகலில் வடக்குப் பக்கம்தான் சாய்ந்து நிற்கும், மாலையில் வடமேற்கே இறங்கும். ஆகவே இந்த மாதங்களில் வண்டி முகம் தெற்கு பார்க்கட்டும். மார்கழியில் இது தலைகீழ், ஆனால் அப்போது உங்களுக்கு ஏசி தேவைப்படாது.

அப்புறம் ஈரம். ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கச் சுமார் 0.68 கிலோவாட் மணி போகிறது. உங்கள் ஏசி மணிக்கு ஒன்றரை லிட்டர் சொட்டினால் ஒரு கிலோவாட், அதாவது மொத்த பலத்தில் கால் பங்கு, தண்ணீர் எடுக்கவே சரி. அதைக் குறைக்க வழி, ஈரக்காற்று உள்ளே வராமல் பார்ப்பது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அது வெளியே தள்ளுகிற ஒவ்வொரு பங்கு குளிர்காற்றுக்கும் கதவு இடுக்கு வழியாக வெளியே இருந்து ஒரு பங்கு சூடான, ஈரமான காற்று நுழையும்.

கெடிலக்கரை (கடலூர்)

ஓடிக்கொண்டேதான் இருக்கிறது! நாற்றம் வரக் கூடாதென்று அம்மா அணைக்க விடுவதில்லை.

ஈசிஆர்அக்கா (புதுச்சேரி)

அம்மாவிடம் குளித்து முடித்த பத்து நிமிடத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். நாற்றத்துக்குக் காரணம் டேங்க், ஃபேன் இல்லை.

இடுக்கு கண்டுபிடிக்க ஊதுபத்தி நல்லது. எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டு, கதவு ரப்பர், ஒயர் நுழைகிற ஓட்டை, சிங்க் குழாய் இறங்குகிற இடம் எல்லாவற்றிலும் ஊதுபத்தியைக் காட்டினால் புகை எங்கே அலைகிறதென்று தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் பேட்டரி கேபிள் ஏறுகிற ஓட்டை ஒன்று, எலி நுழைகிற அளவுக்கு இருந்தது.

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

கரண்டு எங்கிருந்து எடுக்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

கெடிலக்கரை (கடலூர்)

பகலில் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன், 30 மீட்டர் இருக்கும். ஒரு முறை தோப்பில் நிறுத்தியபோது மோட்டார் கொட்டகையில் எடுக்கலாமென்று ஒருவர் சொன்னார், பயந்து எடுக்கவில்லை. பேட்டரி 12 வோல்ட் லித்தியம், 200 ஆம்பியர் மணி.

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

எடுக்காததே நல்லது. விவசாய இலவச இணைப்பில் ஏசி ஓட்டுவது சட்டப்படி தப்பு, அது ஒருபுறம். மோட்டார் லைன் மூன்று பேஸ். அங்கே நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தப்பான இரண்டு முனையில் குத்தினால் 415 வோல்ட் பாயும், ஏசியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போகும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் கனம் பாருங்கள். கடையில் ரெடிமேடாகத் தருவது பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டருக்குள்தான். 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர் செம்பு, ஒரு ஓமுக்கு மேல் ரெசிஸ்டன்ஸ். ஓடும்போது ஆறு ஏழு ஆம்பியருக்கு ஏழெட்டு வோல்ட்தான் குறையும், தெரியாது. ஆனால் கம்ப்ரசர் கிளம்புகிற அந்த நொடியில் 30 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அப்போது 35 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சாயங்காலம் வீட்டிலேயே 200 என்றால் கம்ப்ரசருக்கு 165. முக்கிக்கொண்டு நின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் போட்டால் அந்த இழப்பு 14 வோல்ட்டாகக் குறையும். ஏசியை 5 ஆம்பியர் பிளக்கில் குத்தவே கூடாது, 15 ஆம்பியர் பவர் பிளக்தான். ரீலில் சுற்றியபடியே ஒயரை ஓட்டாதீர்கள், சூடேறி உருகும்.

எல்லாவற்றையும்விட எர்த். உங்கள் வண்டி முழுக்க இரும்பு, டயர் ரப்பர். உள்ளே ஒரு ஒயர் கசிந்தால் வண்டி உடம்பே கரண்டு, ஈரத் தரையில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவருக்கு ஷாக். வண்டிக்குள் கரண்டு நுழைகிற இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒன்று விற்கிறார்களே, அதைப் போட்டால் நன்றாகக் குளிருமா?

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

கிளம்பும்போது இழுக்கிற அந்த 30 ஆம்பியரைப் பாதிக்கும் கீழே குறைக்கும். சின்ன ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் கிளப்ப உதவும். குளிர்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பேட்டரி கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 12.8 வோல்ட் 200 ஆம்பியர் மணி என்றால் 2.5 கிலோவாட் மணி சொச்சம். ஏசி, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் சேர்த்து 1.4 கிலோவாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. இரவு முழுக்க ஓட்டும் கனவு வேண்டாம்.

புதுப்பயனர் (விழுப்புரம்)

நடுவில் ஒரு கேள்வி. நான் வேன் வாங்கிக் கேரவனாக மாற்ற நினைக்கிறேன். புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி குறைவா? கூரையில் ஓட்டை போட ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

மட்டுறுத்துநர்

வண்டியில் மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன் கீழ் வரும். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு. பதிவு, வரி பற்றி வேறு இழை திறந்து கேளுங்கள். இங்கே ஏசி மட்டும்.

கெடிலக்கரை (கடலூர்)

வேலையை முடித்துவிட்டேன். நடுத்தடுப்பு புதிது, எல்லா ஓரமும் ஃபாயில் டேப், டக்ட் தொடங்கும் இடத்தில் சாய்வுத் துண்டு. கேஸ்கெட்டில் ஒரு மூலை தளர்ந்திருந்தது, இறுக்கினேன். பேனலைச் சாய்த்து வைத்திருக்கிறேன். டக்ட்டின் மேல் பக்கம் கை எட்டிய வரை சூடு தடுக்கிற நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினேன், முழுக்க எட்டவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அம்மாவின் பழைய ஜமுக்காளம் இப்போதைக்குத் திரை.

இன்று அதே இடம், அதே நேரம், வெளியே 37.

உட்காரும் இடம் 27
ஃபில்டருக்கு உள்ளே 26.5
பக்கத்து வாய் 16
பின் வாய் 18.5

நாலு டிகிரி! ஆனால் புதுக் கவலை ஒன்று. முன்பு கம்ப்ரசர் நின்று நின்று ஓடியது. இப்போது மத்தியானம் 12 முதல் 4 வரை நிற்கவே இல்லை. கெட்டுப் போய்விடாதா? வாயில் வரும் காற்றும் 14லிருந்து 16 ஆகிவிட்டதே, மிஷின் தளர்ந்துவிட்டதா?

காயில்தாத்தா (புதுச்சேரி)

தளரவில்லை தம்பி. முன்பு 24.5ல் எடுத்து 14ல் விட்டது, இப்போது 26.5ல் எடுத்து 16ல் விடுகிறது. இறக்குகிற அளவு அதேதான். வித்தியாசம் என்னவென்றால் இப்போது வண்டிக் காற்றை எடுக்கிறது, வண்டிக்குள்ளேயே விடுகிறது. வாயில் கையை வைத்து 'எவ்வளவு ஜில்' என்று பார்ப்பதை நிறுத்துங்கள், முன்பு அந்த ஜில்லுதான் உங்களை ஏமாற்றியது.

கம்ப்ரசர் வெயில் நேரத்தில் தொடர்ந்து ஓடுவதுதான் ஆரோக்கியம். அதற்குக் கஷ்டம் கிளம்பும்போதுதான், ஓடும்போது இல்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் அதுவாகவே நின்று நின்று ஓட வேண்டும். ஓடாமல் விடிய விடிய இழுத்தால் அப்போது சொல்லுங்கள்.

வட்டம்24 (நெய்வேலி)

பின் வாயில் இன்னும் இரண்டரை டிகிரி போகிறது. கை எட்டாத அந்தப் பகுதிக்குக் கூரை வழியாகத்தான் பரிகாரம். மேல் தகட்டுக்கு வெயில் தாங்கும் வெள்ளை பெயிண்ட், மொட்டை மாடிக்கு அடிக்கிற அதே வகை. தகட்டைத் தேய்த்து பிரைமர் அடித்த பிறகு அடியுங்கள், இல்லையென்றால் செதில் செதிலாக வரும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும்.

ஈசிஆர்அக்கா (புதுச்சேரி)

ஜமுக்காளம் நன்றாக வேலை செய்யும், அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

பண்ருட்டிப்பலா (பண்ருட்டி)

ஐயா, கடைசியாக ஒன்று. எல்லோருக்கும் கேஸ் குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது அல்லவா? நிஜமாகவே கேஸ் போனால் எப்படித் தெரியும்? மெக்கானிக் சொல்லும்போது எதைப் பார்த்து ஒத்துக்கொள்வது?

காயில்தாத்தா (புதுச்சேரி)

நல்ல கேள்வி. இந்தக் கூரை மிஷின்கள் பெரும்பாலும் கம்பெனியிலேயே பற்றவைத்து மூடியவை. சர்வீஸ் வால்வு இருக்காது. பைப்பைக் குத்தி வால்வு வைத்தால் அந்த இடமே நாளைக்குக் கசியும். ஆகவே குத்துவதற்கு முன்னால் சாட்சி கேளுங்கள்.

ஃபில்டர் சுத்தம், காயில் சுத்தம், ஃபேன் வேகம் சரி, தடுப்பு சரி. அப்படி இருந்தும் உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் நாலைந்து டிகிரிகூட வித்தியாசம் இல்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்றால் சந்தேகப்படலாம். ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். மத்தியான வெயிலில் மிஷினில் ஒட்டியிருக்கிற பிளேட்டில் எழுதியிருக்கிற ஆம்பியரைவிட நன்றாகக் குறைவாக இழுத்தால் சந்தேகம் வலுக்கும். உள்காயிலைப் பாருங்கள். முழுக்கப் பனி பிடித்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. கேஸ் நுழைகிற பக்கம் மட்டும் பனி பிடித்து மீதி வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ். வளைவுகளிலும் பற்றவைத்த இடங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் தூசி ஒட்டியிருந்தால் கசிகிற இடம் அதுதான்.

கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடைத்து, வேக்குவம் போட்டு பைப்பில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸை எடை பார்த்து ஏற்றுகிறவரிடம் கொடுங்கள்.